மரம் உங்களோடது, காத்து என்னோடது

மைக் சார் பேச்சைப் பாதியில் நிறுத்தினார் என்று சொன்னால் அந்தத் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக வரலாறு நடத்துகிறவர். கடைசி பெஞ்சுக்கு மட்டுமல்ல, பக்கத்து வகுப்பில் இருக்கும் கணக்கு டீச்சருக்கும் சேர்த்தே பாடம் சொல்லும் குரல். பிள்ளைகள் வைத்த பெயர்தான் மைக். நாளாவட்டத்தில் மற்ற ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட, தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லியே வீட்டை விசாரிக்கும்படி ஆகிவிட்டது. அவர் ஒரு போரைச் சொல்ல ஆரம்பித்தால் இரண்டு பக்கத்துப் படையும் களைத்துப் போகும், அவர் களைக்கமாட்டார்.

அவர் மனைவி ஏசி மெக்கானிக். ஏணியையும் டூல் பெட்டியையும் சின்ன வேனில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுகிறவள். கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட பெரிய வித்தை, 'ம்' கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பது. 'இந்த மனுஷன் அரை மணி நேரம் வாயை மூடினால் தேவலை' என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயும் கையுமாக அவர் ஆரம்பித்தார்.

"இந்தப் பலகை இருக்கே, சாதாரணப் பலகைன்னு நெனச்சியா? இடிச்சாங்களே அந்தப் பழைய நாடகக் கொட்டகை, அதோட மேடைப் பலகை. தொண்ணூறு வருஷம் இது மேல ராஜாக்கள் நடந்திருக்காங்க, எல்லாம் அட்டைக் கிரீடம்தான், ஆனாலும்…"

அங்கே நின்றுவிட்டார். டம்ளரைக் கீழே வைத்து, மேசையில் கையை ஊன்றி, ஒரு மூச்சு இழுத்தார். அது போதாமல் இன்னொன்று இழுத்தார். பிறகு, "அவ்வளவுதான்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான் என்பது அவர் அகராதியிலேயே கிடையாதே! யோசித்துப் பார்த்தால் இரண்டு மூன்று மாதமாகவே அப்படித்தான். வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டே வந்திருக்கின்றன. மாடிப்படி ஏறும்போது பேசுவதில்லை. விடியற்காலையில் இருமல் வேறு. வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறதே என்று அவள் சந்தோஷப்பட்டது இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"வயசாகுதும்மா. அம்பத்திரண்டு."

"எனக்கும்தான் நாப்பத்தொம்பது. நான் நாலு மாடி ஏணியைத் தூக்கிட்டு ஏறுறேன்."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அதுவும் புதிதுதான்.

சாருக்குப் பள்ளிக்கூடம் விட்டால் உலகம் கார் ஷெட்தான். கார் வாங்கவே இல்லை. ஷெட்டில் மேசை ரம்பம், மரத்தைத் தேய்க்கிற சாண்டர், இழைப்புளிகள், சுவர் நிறைய கவ்விகள். அந்த மேடைப் பலகைகளைக் கொண்டு பள்ளி நூலகத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு வாசிப்பு மேசை செய்துகொண்டிருந்தார். பலகைகள் மேல் இருந்த பழைய வார்னிஷைத் தேய்த்து எடுப்பதிலேயே நாலு மாதம் போயிருந்தது. சாயந்திரம் ஷெட்டுக்குள் போனால் மாவு மில்லில் இருந்து வருகிறவர் மாதிரி வெளியே வருவார். தாடியெல்லாம் பழுப்புத் தூள். கதவுக்கு வெளியே நின்று சட்டையை நாலு உதறு உதறிவிட்டு உள்ளே வந்தால் சுத்தமாகிவிட்டோம் என்று எண்ணம்.

அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது அவளுக்கு என்னவோ தோன்ற, படுக்கையறை ஏசியைத் திறந்தாள். அதன் ஃபில்டரை அவள் கழுவி மாட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெளியே உருவினதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலை முழுக்கப் பழுப்பு நிறத்தில் கம்பளி போர்த்தினதுபோல் தூள். விரலால் வழித்து மூக்கருகில் கொண்டு போனாள். மர வாசனை.

ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி, பேங்க், அச்சகம் எல்லாவற்றின் காற்றையும் சுத்தம் செய்கிறவள் அவள். அவள் தலைமாட்டிலேயே இப்படி. விளக்கடியில் இருட்டு என்பது இதுதான் போலிருக்கிறது.

சார் எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் அந்த ஃபில்டரை வைத்திருந்தாள்.

"இது என்ன?"

"நம்ம ரூம் ஏசி மூணு வாரம் இழுத்த மூச்சு. நீங்களும் அதே காத்தைத்தான் இழுத்தீங்க. அதுக்கு நான் ஃபில்டர் போட்டிருக்கேன். உங்களுக்கு எங்க இருக்கு ஃபில்டர்?"

"அட, மரத்தூள்தானேம்மா. கெமிக்கலா என்ன? மரத்துலேர்ந்து வர்றது, இயற்கை."

"பாம்பு விஷம்கூட இயற்கைதான்."

"நானும் முகத்துல துணி கட்டிக்கிட்டுத்தானே வேலை பார்க்கறேன்."

"துணியா?" அவள் ஃபில்டரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். "இதுல மாட்டினவங்க எல்லாம் தடி ஆளுங்க. மூக்குலயோ தொண்டையிலயோ நின்னுடுவாங்க, தும்மினா வெளிய வந்துடுவாங்க. கண்ணுக்கே தெரியாத பொடிசுங்க இந்த வலையிலயும் புகுந்து போவாங்க, உங்க துணியிலயும் புகுந்து போவாங்க. அவங்க போய் உக்கார்ற இடம் நெஞ்சோட அடி. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"நாளைக்கு எனக்கு ரெண்டாவது பீரியட்…"

"கணக்கு டீச்சர் பார்த்துப்பாங்க. அவங்களுக்கும் ஒரு நாள் அமைதி கிடைக்கட்டும்."

நுரையீரல் டாக்டர் வயதில் சின்னவள், பேச்சில் கறார். ஒரு குழாயைச் சாரின் வாயில் கொடுத்து, "நல்லா மூச்சிழுத்து ஒரே ஊதா ஊதுங்க. விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்!" என்று விரட்டினாள். ஊதுவது நமக்குப் பெரிய விஷயமா என்று ஆரம்பித்தவர் பாதியில் இருமலில் மடங்கிப்போனார். மூன்று தடவை ஊதவைத்துவிட்டு டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினாள்.

"உங்க வயசுக்கும் உயரத்துக்கும் நூறு இருக்கணும்னா, உங்களுக்கு எழுபத்தொண்ணு இருக்கு. மூச்சுக்குழாய் வீங்கி சுருங்கியிருக்கு. சில மரங்களோட தூள் சிலருக்கு ஆகவே ஆகாது. பழைய வார்னிஷ் வேற. இப்ப நிறுத்தினா பெரும்பாலும் சரியாயிடும். இப்படியே போனா, போனது போனதுதான்."

சாரின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப விட்டுடணுமா, டாக்டர்?"

"ஆறு வாரம் ஷெட் பக்கமே போகாதீங்க. இன்ஹேலர் மருந்து தர்றேன், ஒழுங்கா இழுங்க. அதுக்கப்புறம்… நான் மரவேலையை விடச் சொல்லலை. தூசியை விடச் சொல்றேன். ரெண்டையும் பிரிக்க முடியுமான்னு நீங்கதான் பார்க்கணும்."

வீட்டுக்கு வந்ததும் சார் ஷெட்டின் வெளியே நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி தேய்த்த பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி நின்ற அந்த முதுகைப் பார்த்ததும் அவளுக்குப் பரிதாபமும் வந்தது, கூடவே ஒரு கோபமும் வந்தது. அந்தக் கோபம் அவர் மேல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி வந்து தன் வீட்டில், தன் தொழிலிலேயே, தன்னை ஜெயிப்பதா என்ற கோபம்.

"ஏங்க, இங்க பாருங்க. ஆபரேஷன் தியேட்டருக்கே காத்து சுத்தம் பண்ணிக் குடுக்கறவ நான். இந்தப் பத்துக்குப் பதினாறு ஷெட்டை என்னால சுத்தம் பண்ண முடியாதா? இன்னியிலேர்ந்து பாகப்பிரிவினை. மரம் உங்களோடது, காத்து என்னோடது. என் பாகத்துல நீங்க தலையிடக் கூடாது."

"நீ என் பாகத்துல தலையிடலாமோ?"

"நான் உங்க பொண்டாட்டி. எங்க வேணா தலையிடுவேன்."

அன்றைக்கு முதல் தடவையாகச் சார் சிரித்தார்.

அவள் முதல் வேலையாக ஷெட்டிலிருந்த துடைப்பத்தைத் தூக்கி வெளியே எறிந்தாள். வேலை முடிந்ததும் தரையைப் பளிச்சென்று பெருக்குவது சாருக்குப் பெருமை. படிந்து கிடந்த தூளையெல்லாம் தட்டி எழுப்பி மறுபடி மூக்குக்கே அனுப்புகிற பெருமை அது என்று அவள் சொன்னாள். தொழிற்சாலைகளுக்கான வாக்குவம் ஒன்று வந்தது. மேசை ரம்பத்துக்கு அடியிலும் மேலும் தகர மூடிகள் அடித்து, அங்கிருந்து அகலமான குழாய் போட்டாள். வளைகிற பிளாஸ்டிக் குழாயை வளைத்து நெளித்துப் போடலாமே என்று சார் யோசனை சொன்னார்.

"காத்தும் உங்களை மாதிரிதான். நேரா விட்டா நிக்காமப் போகும். திருப்பத்துக்குத் திருப்பம் முடக்கினா சோர்ந்து போயிடும்" என்று அவள் நேர்க் குழாயே போட்டாள். நடுவில் ஒரு மூடிய இரும்பு டிரம். கனமான தூளும் சீவலும் அதிலேயே விழுந்துவிடும். அதன் பிறகு காற்றை இழுத்துத் தள்ளுகிற ப்ளோயர். கடைசியில் மிச்சத்தைப் பிடிக்கப் பெரிய துணிப் பை.

நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் தயார். சோதித்துப் பார்க்க மரம் அறுக்கவேண்டுமே? சார் உள்ளே வரக்கூடாது. ஆகவே அவளே மாஸ்க் மாட்டிக்கொண்டு ரம்பத்தின் முன் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிக்குப் பின்னால் சார் நின்று சைகையாலேயே பாடம் நடத்தினார். தள்ளு, நிறுத்து, விரல், விரல்! அவள் அறுத்த கட்டை ஆற்றைப் போல வளைந்திருந்தது. சார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் தரையைப் பார்த்தால் ஒரு பொட்டுத் தூள் இல்லை. டிரம்மைத் திறந்தால் ஒரு முறம் தூள். அவளுக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது.

ஆனாலும் தொழில் பழக்கம் விடுமா? குழாயில் கசிவு பார்க்கிற மாதிரி ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஷட்டரை இறக்கினாள், ஜன்னலை அட்டையால் மறைத்தாள், இருட்டில் டார்ச்சை அடித்தாள்.

டார்ச் வெளிச்சம் ஒரு வெள்ளைத் தூணாக நின்றது. அதற்குள் கோடிக்கணக்கில் பொடி மிதந்தது. துணிப் பையின் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பினாள். பையின் ஒவ்வொரு நூலிடுக்கிலிருந்தும் புகைபோல் தூசி கசிந்துகொண்டிருந்தது. பெரிய தூளையெல்லாம் பிடித்துவைத்துவிட்டு, சாரை மூச்சுத்திணற வைத்த பொடியை மட்டும் சல்லடையில் சலித்து அறைக்குள் திருப்பி அனுப்பியிருக்கிறது அவளுடைய கருவி! பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருட்டிவிட்டது என்று நினைத்த கதைதான்.

வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். சார் ஒன்றும் கேட்காமல் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தோத்துட்டேன்" என்றாள்.

"இதெல்லாம் தோல்வியா? ஜெயிச்சுட்டோம்னு கூடாரம் போட்டுத் தூங்கினவன்தான் வரலாறு முழுக்கத் தோத்திருக்கான். நீ எழுந்து போய் விளக்கடிச்சுப் பார்த்தே பாரு, அந்த மாதிரி தளபதி தோக்கறதில்ல."

அவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். நாலு வாரம் மருந்தும் ஓய்வும். இருவருமே அதைக் கவனித்தார்கள். திருஷ்டி பட்டுவிடுமோ என்பதுபோல் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாளே துணிப் பை போய், ஆஸ்பத்திரிகளில் அவள் மாட்டுகிற ரகத்தில், மடிப்பு மடிப்பாகத் தாள் வைத்த நயமான ஃபில்டர் வந்தது. சாண்டரின் அடியில் இருக்கும் ஓட்டைகளை நேரே வாக்குவத்தோடு இணைத்தாள். விட்டத்திலிருந்து ஒரு பெட்டி தொங்கியது: ஒரு பக்கம் ஃபேன், மறு பக்கம் ஃபில்டர். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அது ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி அறுத்தாள், தேய்த்தாள், விளக்கை அணைத்து டார்ச் அடித்தாள். இந்தத் தடவை வெளிச்சம் எதிர்ச் சுவரில் வட்டமாக விழுந்தது; நடுவில் தூண் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் மட்டும். அந்தப் புள்ளிகளுக்கும் வழி வைத்திருந்தாள். இரண்டு கன்னத்திலும் வட்ட ஃபில்டர் வைத்த ரப்பர் மாஸ்க் ஒன்றைச் சாருக்கு வாங்கியிருந்தாள்.

அங்கேதான் புதுச் சிக்கல்.

"மாட்டிக்கிட்டு, ரெண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால பொத்தி, மூச்சை உள்ள இழுங்க. மாஸ்க் முகத்தோட ஒட்டிக்கணும்."

சார் இழுத்தார். ஒட்டவில்லை. பட்டையை இறுக்கி மறுபடி இழுத்தார். தாடியின் ஓரமெல்லாம் உஸ்ஸென்று காற்று புகுந்தது.

அவள் தாடியைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைச் சார் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"காலேஜ் காலத்துலேர்ந்து இருக்கற தாடி. பொண்ணு பார்க்க வந்தப்பவே இருந்துச்சு. இதுக்கு நீ சம்மதிச்சுத்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டே?"

"தாடிக்கு இல்லை, ஆளுக்குத்தான் சம்மதிச்சேன். உங்க தாடை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. கதவைப் பூட்டிட்டு ஜன்னலைத் திறந்து வச்ச மாதிரி இருக்கு இந்த மாஸ்க்கும் தாடியும். அப்புறம் உங்க இஷ்டம்."

அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மூன்று நாள் அந்தப் பேச்சே எழவில்லை. நாலாம் நாள் காலை, அவள் வேனில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டு வாசலில் யாரோ ஒரு ஆள் நின்றிருந்தான். 'காலையிலேயே யார் இது, அனுமதி கேட்காமல் உள்ளே போய்விட்டு வருகிறான்' என்று அவள் புருவத்தை நெரித்தாள். அந்த ஆள் கூச்சத்தோடு கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"அய்யோ!" என்று கயிற்றை அப்படியே விட்டுவிட்டாள். வெயிலே படாத தாடை, உரித்த முட்டைபோல வெளுப்பாக. நடுவில் ஒரு குழி. "இதை இருபத்துநாலு வருஷமா என்கிட்டேர்ந்து ஒளிச்சு வச்சிருந்தீங்களா?"

"நல்லாயில்லையா?"

"வெளியூர்ல இருக்கற உங்க பொண்ணுக்குப் போட்டோ அனுப்பறேன், அவ சொல்லட்டும்."

மகளிடமிருந்து ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: 'அம்மா, யாரு இந்தப் பையன்? அப்பாவுக்குத் தெரியுமா?' அன்று முழுக்க அவள் எந்த வீட்டு ஏணியில் ஏறினாலும் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆறு வாரம் முடிந்து மறுபடி குழாயில் ஊதினார். எண்பத்தெட்டு. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஷெட்டைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தாள். அந்த மேடைப் பலகைகளின் தூளை மட்டும் எப்போதும் எதிரியாகவே நினைக்கச் சொன்னாள். மருந்தைத் தொடரவேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊதிக்காட்டவேண்டும், அந்த எண் குறைந்தால் யோசனையே இல்லை, வேலையை நிறுத்திவிடவேண்டும். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அவள் தன் பங்குக்கு ஷெட்டின் கதவில் விதிகளை எழுதி ஒட்டவில்லை. ஒட்டினால் அவர் அதற்கு விளக்கவுரை எழுதிவிடுவார். பழக்கமாகவே ஆக்கிவிட்டாள். வேலைச் சட்டை ஷெட் ஆணியை விட்டு வீட்டுக்குள் வராது. மெஷின் நின்றதும் மாஸ்க்கைக் கழற்ற அவர் கை போனால், "மெஷின்தான் நின்னுச்சு, தூசி இன்னும் நிக்கலை" என்று ஜன்னலில் தட்டுவாள். தரைக்கு வாக்குவம், மேசைக்கு ஈரத்துணி. மேடைப் பலகைகளில் மிச்சமிருந்த வார்னிஷை மெஷினால் தேய்க்காமல், இழைப்புளியால் நீளநீளமான சுருளாகச் சீவினார் சார். சுருள் பறக்காது, மூக்குக்கும் போகாது. நேரம் இரட்டிப்பாக ஆனது. "முன்னாடி நாலு மாசம் அவசரப்பட்டதுக்கு வட்டி" என்று சொல்லிக்கொண்டார்.

மேசை பள்ளிக்கூடம் போன அன்று எட்டு பேர் தூக்கவேண்டியிருந்தது. நூலக வாசலில் திருப்ப முடியாமல் கதவைக் கழற்றினார்கள். உள்ளே வைத்ததும் கணக்கு டீச்சர் அதன் மேல் கையை ஓட்டிப் பார்த்து, "சார், கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். சார் அந்தக் கொட்டகையின் கதையை ஆரம்பித்தார். தொண்ணூறு வருடக் கதை. முக்கால் மணி நேரம் ஓடியது. அவள் கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, 'ம்' கொட்டாமல், ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பிறகு வீட்டுக்கு வரும் வழியில், "இனிமே அட்டைக் கிரீடம் வரைக்கும் சொன்னா போதும்" என்று கேட்டுக்கொண்டாள்.

அந்த மேசையைத் தூக்க வந்தவர்களில் ஒருவர் மரச்சாமான் பட்டறை வைத்திருப்பவர். அவர் அடுத்த வாரம் அவளுக்கு போன் செய்தார். பட்டறை ஆபீஸ் அறைக்கு ஏசி மாட்டவேண்டும், வந்து இடம் பார்க்க முடியுமா என்று.

போனாள். ஆபீஸ் அறையைப் பார்க்கும் முன்பே பட்டறை கண்ணில் பட்டது. தகரக் கூரை. ஆறு மெஷின்கள். ஏழு பேர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். எல்லாருடைய இமை முடியும் வெளுத்திருந்தது. ஒருவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு இருமினார். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு பழக்கம்.

"ஆபீஸ் இந்தப் பக்கம்மா" என்றார் முதலாளி.

"ஏசி எங்கயும் ஓடிடாதுங்க. எத்தனை வருஷமா இப்படி இருமறார் அவர்?"

முதலாளி விழித்தார். "தூசி இல்லாம மரவேலை உண்டாம்மா?"

"எங்க வீட்டுல உண்டு. ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டறேன். மத்தியானம் வாங்க, வெளிச்சத்தை மறைச்சு டார்ச் அடிச்சே காட்டறேன். இப்ப ஒரு அஞ்சு நிமிஷம் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லுங்க. அளவெடுத்துக்கறேன்."

அவள் சொன்ன விதத்தில் மறுத்துப் பேச இடமே இல்லை. முதலாளி கையை உயர்த்தினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவள் இடுப்பிலிருந்த அளவு டேப்பை இழுத்தபடி நீளச் சுவரை நோக்கி நடந்தாள். சற்றுமுன் இருமியவர் யாரும் சொல்லாமலே வந்து, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மூலையில் போய் நின்றார்.

"நல்லா இழுத்துப் பிடிங்கண்ணே" என்றாள் அவள்.